வரைவாளரின் கட்டைவிரல்

"எங்க தாத்தா எதனால செத்தார்னு கண்டுபிடிச்சுச் சொல்ல முடியுமா?" என்று அந்தப் பெண் கேட்டதும், அவசரம் வாயில் ஊற்றிய தேநீரை விழுங்க மறந்துவிட்டாள்.

அவசரம் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. பத்திரிகையில் நிருபராக இருந்தபோது பாதிச் செய்தியைக் கேட்டதுமே மீதியைத் தானே எழுதிவிடும் குணத்துக்காகக் கிடைத்த பட்டம். பத்திரிகை மூடப்பட்டது, பட்டம் மட்டும் கூடவே வந்துவிட்டது. இப்போது அவள் ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறாள். ஆடிட்டர் ஓய்வூதியக் கணக்குகளைத் தணிக்கை செய்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்றபின் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளிலும் பென்ஷன் கோப்புகளிலும் முன்னோர்களைத் தேடிக் கொடுப்பதைத் தொழிலாக்கிக்கொண்டார். சொத்துத் தகராறுக்காக வருவார்கள், குடியுரிமைக்காக வருவார்கள். சாவுக்குக் காரணம் கேட்டு இதுவரை யாரும் அந்தப் படியேறியதில்லை.

வந்தவள் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருப்பவள். நாற்பதைத் தாண்டிய வயது. தூங்காத கண்கள்.

"அப்பாவுக்கு அடுத்த மாசம் இதயத்துல ஆபரேஷன் சார். குடும்பத்துல யாருக்கு என்ன வியாதின்னு டாக்டர் கேட்டார். 'உங்க அப்பா எப்படி இறந்தார்'னு கேட்டதும் இவர் கத்திட்டார். 'எனக்கு அப்பான்னு எவனும் கிடையாது. ஆறு வயசுல எங்களை நடுத்தெருவுல விட்டுட்டு எவளோடயோ ஓடினவன் அவன்'னு. நான் அப்படியே நின்னுட்டேன். தாத்தா சின்ன வயசுலயே போய்ச் சேர்ந்துட்டார்னுதான் இத்தனை வருஷமா எங்ககிட்ட சொல்லிட்டிருந்தார்."

"அவர் என்ன வேலை பார்த்தார்?"

"சர்வே ஆபீஸ்ல வரைவாளர். நில வரைபடமெல்லாம் போடுவாராம்."

"அரசாங்க வேலை" என்றார் ஆடிட்டர். "அப்ப எங்கேயாவது ஒரு காகிதம் இருக்கும்."

ஆவணக் காப்பகத்தின் நீளமான மேசையில் அன்றைக்கே இருவரும் உட்கார்ந்தார்கள். கணக்கெடுப்பு ஏடுகள் ஒரு தலைமுறைக் காலம் பூட்டிக் கிடந்த பிறகுதான் பொதுமக்கள் கைக்கு வரும். இவர்களுக்கு வேண்டிய இரண்டும் திறக்கப்பட்டிருந்தன.

முதல் ஏட்டில் வீடு நிறைவாக இருந்தது. குடும்பத் தலைவர், முப்பத்து மூன்று வயது, வரைவாளர். மனைவி. எட்டு வயது மகள். மூன்று வயது மகன். பத்தாண்டு கழித்து எடுத்த இரண்டாவது ஏட்டில் இருவர்தான் மிச்சம். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். தலைவர் என்ற இடத்தில் கணக்கெடுப்பாளர் முதலில் கணவர் பெயரை எழுதி, அதை அடித்துவிட்டு, மனைவியின் பெயரை எழுதியிருந்தார்.

"திருமண நிலைங்கிற இடத்துல என்ன இருக்கு?" என்று கேட்டார் ஆடிட்டர்.

"மணமானவர்."

"பக்கத்துலயே 'கைவிடப்பட்டவர்'னு ஒரு கட்டம் இருக்கு, பார்த்தியாம்மா?"

"இருக்கு சார். மானத்துக்குப் பயந்து மறைச்சிருப்பாங்க" என்றாள் அவசரம். அவள் கைகள் அதற்குள் பென்ஷன் கோப்பைப் பிரித்துக்கொண்டிருந்தன.

அந்தக் கோப்புதான் அவளைத் துள்ள வைத்தது. ஓடிப்போனதாகச் சொல்லப்பட்டவருக்கு, ஓடிப்போன ஆண்டிலிருந்தே மாதா மாதம் ஓய்வூதியம் போயிருக்கிறது!

"முதல் ரசீது. பென்ஷன்தாரர் வயசு முப்பத்தாறு. கையெழுத்தைப் பாருங்க சார், அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. வரைபடம் போடுற கை ஆச்சே!" அவள் ரசீதுகளைப் புரட்டிக்கொண்டே போனாள். "அடுத்த வருஷமே எழுத்து தடுமாறுது. அதுக்கடுத்த வருஷம் குழந்தை கிறுக்கின மாதிரி. அப்புறம் கையெழுத்தே இல்லை, கட்டைவிரல் ரேகைதான்! பணத்தை வாங்கினது எல்லா மாசமும் மனைவி." மேசையைத் தட்டினாள். "வெட்டவெளிச்சம் சார். படிச்ச மனுஷன், எழுதியே பிழைச்சவர் கைநாட்டு வைப்பாரா? புருஷன் ஓடிட்டார். இந்த அம்மா கொஞ்ச நாள் அவர் கையெழுத்தைப் போட்டுப் பார்த்திருக்காங்க, கை வரலை. அப்புறம் தன் கட்டைவிரலையே வெச்சுட்டாங்க."

ஆடிட்டர் ஒரு ரசீதை எடுத்து முகர்ந்து பார்த்தார். அதன் ஓரங்கள் தேநீர்க் கறை பட்டதுபோலப் பழுப்பேறியிருந்தன. அதே அலமாரியிலிருந்து அதே ஆண்டைச் சேர்ந்த இன்னொருவர் கோப்பைக் கேட்டு வாங்கி அருகில் வைத்தார். அது லேசாக மங்கியிருந்ததே தவிரப் பழுப்பேறவில்லை. பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ரேகைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். நெடுநேரம் பார்த்தார்.

"கோப்பைக் கடைசி வரைக்கும் படிச்சியா?"

"பாதிக்கு மேல எல்லாம் அதே கைநாட்டுதானே சார்."

"ம்" என்றார் அவர். "நாளைக்குப் பேசலாம்."

நாளை வரை பொறுப்பது அவசரத்தின் ஜாதகத்திலேயே இல்லை. சாயங்காலமே மருந்துக்கடைக்குப் போன் போட்டு, கண்டுபிடித்ததை ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டாள்.

மறுநாள் காலை அலுவலகப் படிகளில் மூச்சு வாங்கும் சத்தம் முதலில் கேட்டது. எண்பதை நெருங்கும் ஒரு பெரியவர் மார்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பின்னாலேயே மகள், "அப்பா, வேணாம்பா" என்று கெஞ்சிக்கொண்டு வந்தாள்.

"எங்கம்மாவைத் திருடின்னு சொன்னது யாரு?"

அவசரம் எழுந்து நின்றாள்.

"அப்பன் ஓடுகாலின்னு தெரிஞ்சேதான் வளர்ந்தேன். அதை ஜீரணிச்சுட்டேன். ஆனா எங்கம்மா... அடுத்தவங்க வீட்டு ஊசி நூலைக்கூடத் தொடாதவ. ராத்திரி பகல்னு தையல் மெஷினை மிதிச்சு எங்களை ஆளாக்கினவ. போற காலத்துல எனக்கு அவளும் இல்லைன்னு ஆக்கிட்டீங்களே!"

ஆடிட்டர் எழுந்து தன் நாற்காலியையே அவருக்கு நகர்த்திப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். "உங்கம்மா திருடி இல்லைங்க. அது எனக்கு நேத்தே தெரியும். எங்க அம்மணி முந்திக்கிட்டாங்க, மன்னிச்சுக்கோங்க. உங்களுக்குச் சிரமமில்லைன்னா, நான் கொஞ்சம் கேக்கணும். அவர் எவளோடயோ ஓடிட்டார்னு யார் சொன்னது?"

"தெருவே சொல்லிச்சு."

"உங்கம்மா?"

பெரியவர் யோசித்தார். "அவ சொன்னதில்லை. இல்லைன்னும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை நான் அவனைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன். ஓங்கி அறைஞ்சுட்டா. என் ஆயுசுல அவ என்னை அடிச்சது அந்த ஒரு தடவைதான். அடிச்சுட்டு அவளே உக்காந்து அழுதா."

"அவர் வீட்டுல இருந்த கடைசி நாட்கள்ல, அவரைப் பத்தி ஏதாவது ஞாபகம் இருக்கா? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க."

"அவனைப் பத்தி நல்லதா இருக்கிற ஒரே ஞாபகம்தான்" என்றார் பெரியவர், தயங்கி. "மண்ணெண்ணெய் விளக்குல கண்ணாடிச் சிம்னி இருக்குமே, கொதிக்கக் கொதிக்க அதைக் கையாலயே பிடிச்சுக் கழட்டினான். தோல் கருகுற வாசனை எனக்கு வருது. அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருக்கான். எங்கப்பனுக்கு வலிக்கவே வலிக்காது, அவ்வளவு பலசாலின்னு தெருப் பசங்ககிட்ட எல்லாம் பீத்திக்கிட்டேன்."

ஆடிட்டரின் பேனா ஒரு கணம் நின்றது.

"அவர் போன பிறகு அம்மா வெளியூர் எங்கேயாவது போவாங்களா?"

"மாசம் பொறந்தா ஒரு நாள் காலைல கிளம்பிடுவா. தைச்ச துணியைக் குடுக்கப் போறேன்னுவா. திரும்பி வந்ததும் நேரா கிணத்தடி. தலையோட தண்ணி ஊத்திக்கிட்டு, கட்டின சேலையை அலசிப் போட்ட பிறகுதான் எங்களைக் கிட்டவே விடுவா."

"கடைசியா ஒண்ணு. உங்களுக்குப் பிடிக்காத எதையாவது அவங்க பிடிவாதமா செஞ்சது உண்டா?"

"பள்ளிக்கூடம்" என்றார் பெரியவர் சட்டென்று. "அடுத்த தெருவுலயே நல்ல பள்ளிக்கூடம் இருந்துச்சு. அவன் போன மறு வருஷம் அதுல இருந்து நிறுத்தி, ஊர்க்கோடியில இருக்கிற பள்ளிக்கூடத்துல சேர்த்தா. வெயில்லயும் மழையிலயும் நடையா நடப்பேன். அழுவேன். மசியவே மாட்டா. அங்கதான் பாடம் நல்லா நடத்துறாங்கன்னுவா."

அவர்கள் போனதும் அவசரம் ஆடிட்டரின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. அவர் திட்டவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் அந்தப் பள்ளிக்கூடம் இருந்த வட்டத்தின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

"இந்த வட்டத்தோட இரண்டாவது கணக்கெடுப்பை எடு. வீடுகள் வேண்டாம். ஏட்டோட கடைசியில 'நிறுவனங்கள்'னு தனியா கட்டியிருப்பாங்க. விடுதி, சிறை, ஆஸ்பத்திரி எல்லாம் அதுல வரும். நான் அந்தப் பள்ளிக்கூடம் வரைக்கும் போயிட்டு வரேன்."

காப்பகத்தில் அவசரம் அன்று முதல்முறையாக ஒரு ஏட்டை வரி வரியாகப் படித்தாள். விடுதி முடிந்தது. அடுத்த தாளின் தலைப்பு: 'தொழுநோய் மருத்துவமனை, உள்நோயாளிகள்.' பெயர்கள் இல்லை, நோயாளி எண்ணும் வயதும்தான். தொழில் என்ற பத்தியில் மேலிருந்து கீழாக ஒரே சொல்: இல்லை, இல்லை, இல்லை. அவள் விரல் ஒரு வரியில் நின்றது. ஆண், நாற்பத்து மூன்று. மணமானவர். பிள்ளைகள் இருவர். தொழில்: வரைவாளர்.

அந்த ஆள் கணக்கெடுப்பாளரிடம் அதை வற்புறுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் அந்தத் தாளை நகலெடுக்கக் கொடுத்துவிட்டு, வாசலுக்கு வந்து வெகுநேரம் நின்றாள். கைப்பேசியை எடுத்தாள், மருந்துக்கடையின் எண் திரையில் வந்தது. திரும்பப் பைக்குள் போட்டுவிட்டாள்.

மறுநாள் பெரியவர் வீட்டுக் கூடத்தில் நால்வரும் உட்கார்ந்தார்கள். பழைய தையல் மெஷின் ஒன்று உறை போட்டு மூலையில் இருந்தது. அதன்மேல் பெரியவருடைய மாத்திரைகள்.

"மொதல்ல உங்கம்மா விஷயம்" என்று தொடங்கினார் ஆடிட்டர். "முப்பத்தாறு வயசுல எந்த அரசாங்கமும் ஒருத்தருக்குச் சும்மா பென்ஷன் குடுக்காது. இனிமே வேலை செய்ய முடியாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் அந்த வயசுல கிடைக்கும். ஆக, அவர் ஓடினதா சொல்ற அதே வருஷம், அவருக்குத் தீராத ஒரு நோய் இருந்திருக்கு. இரண்டாவது, கையெழுத்து. வேற ஆள் போட்டிருந்தா மொதல்ல கோணலா இருந்து, போகப் போகப் பழகித் திருந்தியிருக்கும். இங்க தலைகீழ். நல்லா இருந்தது மெல்ல மெல்ல விழுது. கை மாறலை. அதே கைதான் கெட்டுப்போகுது."

ஆடிட்டர் ரேகை இருந்த ரசீதுகளின் நகலை எடுத்து வைத்தார்.

"மூணாவது, ரேகை. ஆரம்பத்துல கோடு கோடா தெளிவா இருக்கு. வருஷம் போகப் போகக் கோடுகள் அழியுது. கடைசியில வெறும் மைத்தீற்றல். தையல் வேலை செய்யற ஒரு அம்மாவோட விரல் அப்படி ஆகாது. அப்புறம் அந்தக் காகிதம். அந்தக் கோப்பு மட்டும் பழுப்பு. இன்னும் புகை வாசனை லேசா இருக்கு. ஒரு காகிதத்தைப் புகையில காட்டி வெளியே அனுப்பற இடம் அந்தக் காலத்துல எது? தொட்டா ஒட்டிக்கும்னு ஊரே பயந்த நோயாளிங்க இருந்த இடம். இதுக்கெல்லாம் மேல, சுட்டாலும் வலி தெரியாத கை. விளக்குச் சிம்னியைப் பிடிச்சுச் சிரிச்சாரே, அவர் பலசாலி இல்லைங்க. அவருக்கு அது சுடறதே தெரியலை."

"தொழுநோய்" என்றாள் மகள், மெல்ல. மருந்துக்கடைக்காரிக்கு மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவசரம் நகலை நீட்டினாள். பெரியவர் கண்ணாடியைத் தேடவில்லை, அவள்தான் வாசித்தாள். எண், வயது, மணமானவர், பிள்ளைகள் இருவர், வரைவாளர்.

"எவளோடயும் போகலையா?" என்றார் பெரியவர். குரல் எங்கிருந்தோ வந்தது.

"இல்லை. உண்மை வெளியே வந்திருந்தா உங்க அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. உங்களைப் பள்ளிக்கூடத்துல சேர்த்திருக்க மாட்டாங்க. வாடகைக்கு வீடு கிடைச்சிருக்காது. ஓடிப்போனவனோட பிள்ளைகள்னா ஊர் பரிதாபப்படும். இந்த நோயாளியோட பிள்ளைகள்னா ஊர் கல்லெடுக்கும். அதனால இரண்டு பேரும் பேசி வெச்சு, கெட்ட பேரை அவர் எடுத்துக்கிட்டார்னு நினைக்கிறேன். கணக்கெடுக்க வந்த அதிகாரிகிட்ட மட்டும், கைவிடப்பட்டவள்னு பொய் சொல்ல உங்கம்மாவால முடியலை. மணமானவள்னு சொன்னாங்க. மாசா மாசம் போய் அவரைப் பார்த்து, ரசீதுல ரேகை வாங்கி, பென்ஷனை வாங்கி, குளிச்சுட்டு உங்களைத் தொட்டாங்க."

"எவ்வளவு காலம் இருந்தார்?" என்று கேட்டாள் மகள்.

"உங்க அப்பா வேலைக்குச் சேர்ந்த வருஷம் வரைக்கும். நிமோனியாக் காய்ச்சல். இதயத்துல கோளாறு இருந்ததா எழுதலை, டாக்டர்கிட்ட சொல்லிடுங்க." ஆடிட்டர் கோப்பின் கடைசித் தாளின் நகலை எடுத்தார். "ஆனா அதுக்குச் சில வருஷம் முன்னாடியே மருந்து வந்துடுச்சு. வருஷா வருஷம் டாக்டர் எழுதற வாழ்வுச் சான்றுல இருக்கு. 'நோய் நீங்கியது. வெளியேற அனுமதி உண்டு. செல்ல விரும்பவில்லை.'"

"விரும்பவில்லையா? குணமான பிறகும் வரலையா?" பெரியவரின் குரல் உயர்ந்தது. "அப்ப எங்களை வேணாம்னுதானே..."

"விரல் போன கையோட திரும்பி வந்தா ஊருக்கு எல்லாம் தெரிஞ்சுடும்யா. உங்க அக்கா அப்ப புகுந்த வீட்டுல இருந்தாங்க." ஆடிட்டர் சற்று நிறுத்தினார். சொல்லலாமா என்று யோசிப்பதுபோல இருந்தது. "உங்களை வேணாம்னு நினைச்சவர் இல்லை அவர். நேத்து உங்க பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அதை ஒட்டியே ஆஸ்பத்திரியோட பழைய கட்டடம் இன்னும் இருக்கு. மேல் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஆண்கள் வார்டு ஜன்னல்ல நின்னா, சுவருக்கு அந்தப் பக்கம் உங்க பள்ளிக்கூட மைதானம் மொத்தமும் தெரியுது. பக்கத்துல இருந்த பள்ளிக்கூடத்தை விட்டுட்டு உங்கம்மா அங்கே சேர்த்தது பாடத்துக்காக இல்லை."



பெரியவர் குழந்தையைப்போல உடல் குலுங்க அழத் தொடங்கினார். மகள் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தச் சுவர்" என்றார் அவர் விக்கலுக்கு நடுவே. "அந்தச் சுவர்கிட்ட வந்தா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுவோம். எல்லாப் பசங்களும். நான்தான் எல்லாருக்கும் முன்னாடி ஓடுவேன். அவர் பார்த்திருப்பாரா?"

ஆடிட்டர் பொய் சொல்லத் தெரியாதவர். "பார்த்திருப்பார்" என்றார்.

அவசரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் முன்பு இதே மனிதரை அவள் ஒரு போன் பேச்சிலேயே கொன்று போட்டிருந்தாள். அதனால் வார்த்தையை எடுக்கவே பயமாக இருந்தது. யோசித்து, இன்னும் ஒரு முறை யோசித்துச் சொன்னாள்.

"ஓடுற பிள்ளையைப் பார்க்கிற அப்பாவுக்கு, எதுக்காக ஓடுறான்னு தோணாதுங்கய்யா. என் பிள்ளைதான் முதல்ல ஓடுறான்னு தோணும்."

அதற்கு எந்த ஏட்டிலும் ஆதாரம் இல்லை. ஆதாரமில்லாத எதையும் ஏற்காத ஆடிட்டர், அதை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன வாரமே பெரியவர் புறப்பட்டுவிட்டார். இடத்தைக் காட்ட அவசரத்தை அழைத்திருந்தார்கள்.

மருத்துவமனை வளாகத்தின் பின்கோடியில் இருந்தது இடுகாடு. பெயர்கள் இல்லை, முழங்கால் உயரக் கற்களில் எண்கள் மட்டும். புல் வெட்டுகிறவர் அரிவாளால் பாசியைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்துக்கொண்டே போய், நகலில் இருந்த அதே எண் கொண்ட ஒரு கல்லருகே நின்று, இதுதான் என்று கையைக் காட்டினார். பெரியவர் மகளின் தோளைப் பிடித்து மெல்லக் கீழே உட்கார்ந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் அப்படிப் போங்க" என்றார்.

அவர்கள் வேப்பமரம் வரை வந்து நின்றார்கள். அங்கிருந்து சத்தம் கேட்கவில்லை. பெரியவரின் கைகள்தான் தெரிந்தன. உள்ளங்கையை முதலில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்துக் காட்டினார். பிறகு அதற்கும் கொஞ்சம் மேலே. பிறகு தன் தலைக்கு மேலே. அப்புறம் கையை நீட்டி, மரத்தடியில் நின்ற மகளைச் சுட்டிக்காட்டினார். ஏதோ சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டார்.

"என்ன பேசுறார்னு கேக்குதா?" என்றாள் மகள், கண்ணைத் துடைத்தபடி.

காற்று அந்தப் பக்கமிருந்துதான் வீசிக்கொண்டிருந்தது. இரண்டடி முன்னால் போனால் கேட்டுவிடும். அவசரம் மகளின் கையைப் பிடித்து, இன்னும் தள்ளி, வாசல் பக்கமாக அழைத்துக்கொண்டு போனாள்.